பருப்பு அலுக்கல ஐயா, பிளக் பொயிண்ட்தான் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பேப்பர்ல வாசகர் பக்கத்துல ஒரு ஐயா எழுதியிருந்தத வாசிச்சேன். கம்பஸ் போற நம்ம மலையகப் பிள்ளைங்க காலையில பாண், பகல்ல பருப்பும் சோறும், ராவைக்கு திரும்பவும் அதே பருப்பு இல்லாட்டி நூடில்ஸ், இப்படி வருஷம் பூரா ஒரே சாப்பாட்ட சாப்பிட்டு உடம்ப கெடுத்துக்கிறாங்களாம், எல்லாத்துக்கும் காரணம் சோம்பேறித்தனமாம், கையில போன் இருக்குற அளவுக்கு அகப்பை இருக்குறதில்லயாம். வாசிச்சிட்டு நான் சிரிச்சேன், பிறகு கோவம் வந்துச்சு, பிறகு பசி வந்துச்சு, அன்னைக்கும் பருப்புதான்.

நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, இப்ப கண்டிப் பக்கத்துல ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அந்த ஐயா சொன்னதுல பாதி உண்மைதான், நாங்க ஒரே சாப்பாடுதான் சாப்பிடுறோம், அத மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா ஒரே சாப்பாடு சாப்பிடுறது எங்க ஆளுகளுக்கு என்னமோ புதுசா வந்த வியாதி மாதிரி எழுதினதுதான் எனக்கு பொறுக்கல. எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, மூணு தலைமுறையா காலைச் சாப்பாடு ஒண்ணுதான், ரொட்டியும் கட்டச் சம்பலும். கோதுமை மாவுல உப்பு போட்டு, கையில இருந்தா கொஞ்சம் தேங்காப்பூ போட்டு, சுடுதண்ணி ஊத்தி பிசைஞ்சு, வெறகு அடுப்புல கல்லப் போட்டு தட்டி எடுக்குறது. காலையில அஞ்சு மணிக்கு தட்டின ரொட்டி பகல் வரைக்கும் கெடாது, மலைக்கு கட்டிக்கிட்டுப் போகலாம், குளிருக்கும் மழைக்கும் வயித்துல நிக்கும், ஒரு கையில பிடிச்சுக்கிட்டே சாப்பிடலாம். அத ஒருத்தரும் அலுப்பான சாப்பாடுனு சொன்னதில்ல. அதே பிள்ளை கம்பஸ் வந்து தினமும் பருப்பு சாப்பிட்டா மட்டும் சோம்பேறி ஆயிடுதா?

எங்க அப்பாயி கிட்ட 1974 பஞ்சத்த பத்தி கேட்டா அது ஒரு மணித்தியாலத்துக்கு குறையாம கதைக்கும். கூப்பனுக்கு அரிசியும் மாவும் கொறைஞ்சு போய், தோட்டங்கள்ல பட்டினியால சாவு விழுந்த காலம் அது. மரவள்ளிக் கெழங்கு, பலாக்கொட்டை, ஓடையோரத்துக் கீரை, திரும்ப மரவள்ளி, இதுதானாம். "ஒரே சாப்பாடு கெடைக்கிதுனா அது நல்ல காலம்டி"னு அது சொல்லும். நான் அந்த அளவுக்கு எல்லாம் போகல, ஆனாலும் அந்த ஐயாவோட கடிதத்த அதுக்கு வாசிச்சுக் காட்டணும்னு ஆசையா இருக்கு.

சரி, கணக்குக்கு வர்றேன், ஏன்னா கணக்கு போடாம இந்த விஷயத்த கதைக்கிறதுல பிரயோசனம் இல்ல.

எனக்கு மகாபொல, அதாவது கம்பஸ் பிள்ளைங்களுக்கு குடுக்குற உதவிக் காசு, கெடைக்குது. முந்தி மாசம் 5000, 2025 ஏப்ரல்ல இருந்து 7500 ஆக்கியிருக்காங்க, அதுக்கு நன்றி சொல்லித்தான் ஆகணும். 7500-அ முப்பதால பிரிங்க. நாளைக்கு 250 ரூபா. கம்பஸ் ரோட்டுல ஒரு மரக்கறி சோத்துப் பார்சல் 250, சில கடையில 300. அதாவது அரசாங்கம் குடுக்குற முழுக் காசுக்கும் ஒரு நாளைக்கு ஒரு பார்சல் வாங்கலாம், ஒரே ஒரு பார்சல், அதுக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கவும் காசு மிஞ்சாது. கொத்து சாப்பிடுறாங்கனும் அந்த ஐயா எழுதியிருந்தாரு, ஒரு முட்டைக் கொத்தோட விலை தெரிஞ்சு எழுதினாரா தெரியாம எழுதினாரானு வெளங்கல, எங்களுக்கு கொத்துங்கிறது யாராவது பர்த்டே வந்தா நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கி நடுவுல வச்சு சாப்பிடுற சாமான்.

வீட்டுல இருந்து அனுப்ப மாட்டாங்களானு கேப்பீங்க. 2025-ல அம்மாவுக்கு நாள் சம்பளம் 1350. இருபது நாள் வேலை விழுந்தா 27,000, அதுல ஈபிஎப்னு சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2160 போகும், சங்கச் சந்தா போகும், தீபாவளிக்கு எடுத்த அட்வான்ஸ் போகும், மழையில கொழுந்து கொறைஞ்சு 18 கிலோ எடுக்க முடியாத நாளுக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். மிச்சத்துல கடைக் கடன் கொப்பிய தீர்த்துட்டு, தம்பி ஸ்கூல் செலவப் பாத்துட்டு, என் போர்டிங் வாடகைய அம்மா எப்படி அனுப்புதுனு எனக்கே தெரியல, கேக்கவும் பயமா இருக்கு. அதனால வாடகை அம்மாவோடது, சாப்பாடு மகாபொலவோடது, இப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கோம்.

இப்ப விலைவாசி கொறைஞ்சிருச்சுனு நியூஸ்ல சொல்லுறாங்க, அதுல ஒரு மயக்கம் இருக்கு. 2022 செப்டெம்பர்ல கொழும்பு விலைச் சுட்டெண் கணக்குப்படி சாப்பாட்டு சாமான் விலை ஒரு வருஷத்துக்குள்ள 94.9 வீதம் ஏறிச்சு, அதாவது கிட்டத்தட்ட ரெட்டிப்பு. பிறகு ஏறுற வேகம்தான் கொறைஞ்சிச்சே தவிர, ஏறின விலை எறங்கி பழைய எடத்துக்கு வரவே இல்ல. நான் அப்ப ஏஎல் படிச்சிக்கிட்டு இருந்தேன், பால்மா தேத்தண்ணிய அப்ப விட்டதுதான், இன்னும் திரும்பத் தொடல, 400 கிராம் பக்கெட் 2025-லயும் ஆயிரத்துக்கு மேல வித்துச்சு. தோட்டத்துல தேயிலைத் தூள் குடுக்குறதால சாயத் தண்ணிக்கு மட்டும் எங்க வீட்டுல பஞ்சம் வந்ததில்ல, அந்தத் தூள்தான் பிறகு எனக்கு வினையாவும் வந்துச்சு, அத கொஞ்சம் பொறுத்து சொல்றேன்.

முதல் வருஷம் ஹொஸ்டல்ல இருந்தோம், கன்டீன்ல சாப்பிட்டோம், ஏதோ ஓடிச்சு. ரெண்டாம் வருஷம் எங்க பிரிவுல எல்லாருக்கும் ஹொஸ்டல் கெடைக்கல, வெளிய போர்டிங் தேடினோம். கெடைச்ச ரூம்ல நாலு பேர், நாலு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு பிளக் பொயிண்ட், செவத்துல சிங்களத்துல எழுதி ஒட்டியிருந்த ஒரு கடதாசி. அதுல இருந்தது என்னன்னா அயன் போடக் கூடாது, ஹீட்டர் போடக் கூடாது, ரைஸ் குக்கர் போடவே கூடாது. கரண்ட் பில் ஏறுமாம். போன் சார்ஜ் பண்ணலாம். அந்த ஐயா சொன்ன அந்த போன் இருக்கே, அது மட்டும்தான் எங்க ரூம்ல சட்டப்படி மின்சாரம் சாப்பிடக் கூடிய சாமான்!

சமைக்க எடமில்லாதவன் எப்படி சாப்பிடுவான்னு யோசிச்சுப் பாருங்க. காலையில பாண், ஏன்னா பாணுக்கு அடுப்பு வேணாம். பகல்ல ரெண்டு பேருக்கு ஒரு பார்சல், கடைக்கார அண்ணன் கிட்ட "சோறு கொஞ்சம் கூடப் போடுங்க அண்ணா"னு கேக்குறது, அவரும் போடுவாரு, நல்ல மனுஷன். கூடப் போட்ட சோத்துக்கு கறி பத்தாது, அப்ப அம்மா வறுத்து போத்தல்ல போட்டு அனுப்புன நெத்தலிய எடுத்து தொட்டுக்கிறது. ராவைக்கு மிஞ்சின பாண், இல்லாட்டி பிளாஸ்க் சுடுதண்ணிய ஊத்தி மூடி வச்ச நூடில்ஸ். மூணு நேரமும் சாயத் தண்ணி. இப்படி அஞ்சு மாசம் போச்சு. நாக்கு அலுத்துச்சானு கேட்டா, உண்மையா சொல்றேன், அலுக்கல, பழகிருச்சு. உடம்புதான் அலுத்துச்சு. ஒரு நாள் லெக்சர் முடிஞ்சு படி எறங்கும்போது கண்ண இருட்டிக்கிட்டு வந்து அப்படியே உக்காந்துட்டேன்.

ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஹீமோகுளோபின் 9.8. பொம்பளப் பிள்ளைக்கு 12 இருக்கணுமாம். டொக்டர் மிஸ் என்னைய ஏசல, என்ன சாப்பிடுறனு ஒண்ணொண்ணா கேட்டு எழுதினாங்க. பிறகு அவங்க சொன்னதுதான் எனக்கு பெரிய ஆச்சரியமா இருந்துச்சு, பருப்பு தினமும் சாப்பிடுறதுல தப்பே இல்லயாம், சோத்தோட பருப்பு சேந்தா ஒண்ணுல கொறையுற புரதச் சத்த மத்தது நெரப்புமாம், இந்த விலைக்கு அத விட நல்ல கூட்டு கெடைக்காதாம். தப்பு எங்கனா, சாப்பிட்ட கையோட கடுஞ்சாயத்துல தேத்தண்ணி குடிக்கிறது. பருப்புலயும் கீரையிலயும் இருக்குற இரும்புச் சத்த ஒடம்பு எடுக்க விடாம தேயிலைச் சாயம் பிடிச்சு வச்சுக்குமாம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணித்தியாலமாவது விடணும், சாப்பாட்டுல தேசிக்காய் புளிஞ்சா அந்த இரும்ப ஒடம்பு நல்லா எடுக்குமாம். அவ்வளவுதான். இத யாராவது எங்க தோட்டத்துப் பக்கம் வந்து சொல்லியிருக்காங்களானு யோசிச்சேன், பிள்ளை மடுவத்துல (வேலைக்குப் போற அம்மாக்கள் பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) திரிபோஷா சத்துமா குடுக்கும்போது கூட நான் கேள்விப்பட்டதில்ல. 2016-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல, அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைங்க நாடு பூரா 17.3 வீதம், தோட்டப்புறத்துல மட்டும் 31.7 வீதம். அந்தப் பிள்ளைங்க வளந்துதானே நாங்க கம்பஸ் வர்றோம், வரும்போதே ஒடம்பு கடன்லதான் வருது. தேயிலை பறிச்சுப் பறிச்சு இருந்த ரத்தமும் போச்சுனு பெருசுங்க சொல்லும்போது அது சும்மா பேச்சுனு நெனச்சேன், குடிக்கிறதுலயும் போகுதுனு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு.

டொக்டர் மிஸ் குடுத்த சீட்டையும் கையில எடுத்துக்கிட்டு, ஒரு கொப்பித் தாள்ல கணக்கு எழுதிக்கிட்டு போர்டிங் ஆன்ட்டி கிட்ட போனேன். நாலு பேருக்கு சமைக்கிற குக்கர் 700 வாட்ஸ், அரை மணித்தியாலம் ஓடினா 0.35 யுனிட். யுனிட் 50 ரூபானே வைங்க ஆன்ட்டி, 17 ரூபா 50 சதம். நாளைக்கு ரெண்டு தரம் போட்டா 35 ரூபா, மாசத்துக்கு 1050. நாங்க ஆளுக்கு 300 தர்றோம், நாலு பேருக்கு 1200, உங்களுக்கு 150 லாபம்னு சொன்னேன். ஆன்ட்டி கணக்க ரெண்டு தடவ பாத்தாங்க, அவங்க மகன கூப்பிட்டு போன்ல பெருக்கிப் பாக்கச் சொன்னாங்க, பிறகு சிரிச்சிட்டு சரின்னாங்க, ஒரு கண்டிஷன், ராவைக்கு எட்டு மணிக்குப் பிறகு போடக் கூடாது. செவத்துல இருந்த கடதாசிய அவங்களே கிழிச்சாங்க, அயன் போடக் கூடாதுங்கிறத மட்டும் புதுசா எழுதி ஒட்டினாங்க.

பழைய குக்கர் ஒண்ணு சீனியர் அக்கா ஒருத்தங்க விட்டுட்டுப் போனது, மூடியில கைப்பிடி இல்ல, துணி சுத்தி தூக்குவோம். அதுல நாங்க ஓட்டுற கணக்கையும் 2025 விலையில எழுதுறேன், யாராவது பிள்ளைங்களுக்கு ஒதவும். நாட்டரிசி ஒரு கிலோ 230, பருப்பு 200 கிராம் 60, அரைத் தேங்கா 100, முட்டை நாலு 140, கீரை ரெண்டு கட்டு 100, வெங்காயம் மிளகா எண்ணெய்னு ஒரு 100. மொத்தம் 730, ஆளுக்கு 182 ரூபா 50 சதம், இது ரெண்டு நேரச் சோறு. காலையில ஒரு றாத்தல் பாண் 130, நாலா பிரிச்சா 32 சொச்சம். ஆன்ட்டிக்கு நாளைக்கு ஆளுக்கு 10. எல்லாம் சேத்து 225. அந்த 250-ல 25 ரூபா மிஞ்சுது, அதுலதான் சவர்க்காரம், போட்டோ கொப்பி, பஸ் எல்லாம், அது எப்படினு கேக்காதீங்க.

அரிசியும் மைசூர் பருப்பும் ஒரே நேரத்துல வேகும், அதனால கழுவி ஒண்ணாப் போட்டு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் வெங்காயம், மேல இருக்குற ஓட்டைத் தட்டுல முட்டைய கழுவி வச்சு மூடிட்டா ஆவியிலயே அவிஞ்சிரும். சுவிட்ச் மேல ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முந்தி கங்குன் கீரையோ பொன்னாங்கண்ணியோ அரிஞ்சு தூவுறது. எறக்கினதும் தேசிக்காய். தேங்காவ பத்தி ஒண்ணு சொல்லணும், ஒரு தேங்கா 200 விக்கிற காலத்துல தனி ஆளா தேங்கா வாங்குறது பெரிய நட்டம், பாதி சம்பலுக்கு போகும், மிச்சப் பாதி பிரிட்ஜ் இல்லாத ரூம்ல ரெண்டாம் நாள் வழவழனு ஆயிரும். நாலு பேர் சேந்தா இன்னைக்கு பாதி நாளைக்கு பாதி, ஒண்ணும் வீணாகாது. தனியா இருக்குறவங்களுக்கு எல்லாமே கூட விலைதான், 100 கிராம் பருப்பு, பத்து ரூபா மிளகாத்தூள்னு கடையில வாங்கினா வருஷக் கடைசியில மூடை வாங்கின காசு போயிருக்கும். எங்க அம்மாக்கள் அப்படித்தான் வாங்குறாங்க.

ரூம்ல ஒரு பிள்ளை யாழ்ப்பாணம், ஒண்ணு மட்டக்களப்பு, ஒண்ணு புத்தளம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதல் கிழமையே கேட்டா, "ஏன்டி, கரட்டும் கோவாவும் உங்கட ஊரிலதானே விளையுது, பிறகேன் நீ பருப்போட கிடந்து மாயுறாய்?" நல்ல கேள்விதான். எங்க ஊரு மரக்கறி லொறி ஏறி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய், அங்க விலை போட்டு, திரும்ப எங்களுக்கே வரும்போது எங்களால தொட முடியிறதில்ல. 2024 ஜனவரியில கரட் கிலோ 2000 ரூபாவ தொட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வீட்டுப் பக்கம் மலைச் சரிவுல கரட் பாத்தியப் பாத்துக்கிட்டே நாங்க பருப்பு சாப்பிட்டோம். இப்ப லயத்துப் பின்னால இருக்குற துண்டு நெலத்துல அம்மா போட்ட லீக்ஸும் கோவாவும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஹட்டன் கண்டி பஸ்ல உரப் பையில கட்டி வருது, கினிகத்தேனை நாவலப்பிட்டி கம்பளைனு வளைஞ்சு வளைஞ்சு வர்றதுக்குள்ள கோவா கொஞ்சம் நசுங்கியிருக்கும், பரவாயில்ல. அந்த வாரம் மட்டும் எங்க சோத்துக்கு நெறம் இருக்கும். மட்டக்களப்புப் பிள்ளை வீட்டுல இருந்து கருவாடு வரும், அன்னைக்கு ஆன்ட்டி மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஜன்னல தொறக்கச் சொல்லுவாங்க, பிறகு ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கிட்டும் போவாங்க. சண்டையும் வரும், யாரு தேங்கா துருவுறது, யாரு குக்கர் கழுவுறதுனு, அடிப்பிடிச்ச சோத்த கழுவுற மொறை எனக்கே அடிக்கடி வர்றது எப்படினு இன்னும் கண்டுபிடிக்க முடியல.

நாலு மாசம் கழிச்சு திரும்ப ரத்தம் பாத்தேன், மாத்திரையும் குடிச்சதால 11.6. பருப்பு அதே பருப்புதான் ஐயா, மாறினது அடுப்பு.

அதனாலதான் இத எழுதுறேன். பிள்ளைங்களுக்கு விதவிதமா சாப்பிடச் சொல்லி புத்தி சொல்றதுக்கு முந்தி, அவங்க எங்க சமைக்கிறதுனு கேளுங்க. ஹொஸ்டல் குடுக்க முடியாத கம்பஸ்கள் ஒரு பழைய மண்டபத்துல பத்து பிளக் பொயிண்டும் ரெண்டு தண்ணிப் பைப்பும் போட்டு, ஒரு மீட்டரையும் வச்சு, காசு கட்டி சமைச்சிக்கங்கனு விட்டா போதும், கன்டீனுக்கு மேல கன்டீன் கட்ட வேணாம். போர்டிங் வச்சிருக்கிறவங்க மேல சொன்ன கணக்க ஒருக்கா போட்டுப் பாக்கணும், நட்டம் வராது.

கடைசியா எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு ஒண்ணு. தோட்டத்துல ஒரு பிள்ளை கம்பஸ் போனா கோயில் கமிட்டியும் சங்கமும் சேந்து மேடை போட்டு, மாலை போட்டு, பொன்னாடை போத்தி, போட்டோ எடுத்து பேப்பருக்கும் அனுப்புறீங்க, எனக்கும் மூணு பொன்னாடை விழுந்துச்சு, சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது, அம்மா அழுதுச்சு. அதுல ஒண்ணு இப்ப எங்க ரூம் ஜன்னலுக்கு சீலையா தொங்குது, ஒண்ணுலதான் குக்கர் மூடிய பிடிச்சு தூக்குறோம். அடுத்த வருஷம் போற பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்ட கொறைச்சு, நாலு பேருக்கு ஒண்ணுனு ரைஸ் குக்கர் வாங்கிக் குடுங்க. 1.8 லீட்டர், 700 வாட்ஸ், மேல ஓட்டைத் தட்டோட வர்றதா பாத்து வாங்கணும், முட்டை அவிக்கிறதுக்கு.

பேர் போட வேணாம் ஐயா, அம்மா வாசிச்சா 9.8 கதை தெரிஞ்சிரும்.

இப்படிக்கு,
கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி